பைகளுக்குக் காவல் இருப்பவர்கள்

பொன்னேரியைக் கடந்து ஏலகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்கு வெறும் எண்களை மட்டும் இட்டு விட்டுவிடாமல் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார், பாவேந்தர் எனப் புலவர் எழுவர். பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் எனக் கடையெழு வள்ளல்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்றம் ஒரு சிறு இலக்கிய வரலாற்றைத் திருப்பிப் பார்ப்பது போல இருக்கும். பெயர் சூட்டியவர் யாராயினும் நல்ல இரசனை உடையவர் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர்ப்பலகைகள் நம்மை ஓர் எளிய கேள்வியின் முன் நிறுத்துகின்றன. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். வகுப்பறையில் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் 'கொடைமடம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. கொடிக்குக் கொழுகொம்பு தேவை. அது கொடியின் இயல்பு. தானே நிமிர்ந்து நில் என்று பாரி முல்லையிடம் சொல்லவில்லை. அதற்கு வேண்டியதையே கொடுத்தான். மயிலின் கதை வேறு. அது ஆடியது குளிரால் அன்று; போர்வையால் அதற்கு ஒரு பயனும் இல்லை. பேகனும் அதை அறிந்தே கொடுத்தான் என்பதைப் பரணரே தம் புறப்பாட்டில் குறிப்பிடுகிறார். முன்னதில் பெறுபவரின் தேவை முதன்மை பெறுகிறது. பின்னதில் கொடுப்பவரின் உள்ளம்தான் முதன்மை பெறுகிறது.

நமது பொது இடங்களில் உடற்குறை உடையவர்களுக்கென்று செய்யப்படும் ஏற்பாடுகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை பேகனின் போர்வைகளாகவே இருக்கக் காண்கிறோம். இருவர் தள்ளினாலும் ஏறாத செங்குத்தில் ஒரு சாய்தளம். சாய்தளத்தின் முடிவில் ஒரு படி. சக்கர நாற்காலிப் படம் வரைந்த கழிப்பறை, அதன் கதவில் ஒரு பூட்டு, சாவி யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது. கொடுத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, கணக்கும் எழுதியாயிற்று. மயில்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

ஏலகிரியை முன்வைத்து இதைப் பேச நமக்குக் காரணம் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் போலத் தொலைவிலிருந்து விடுதி பதிவு செய்து வருவோரின் மலை மட்டுமன்று இது. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், சோலையார்பேட்டை, பேரணாம்பட்டு மக்களின் ஞாயிற்றுக்கிழமை மலை இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். வாரத்தின் ஆறு நாள்களும் தோலின் நெடியிலும் ஷூ கம்பெனிகளின் தையல் எந்திரங்களுக்கு முன்னும் கழிப்பவர்கள், ஏழாம் நாள் பிள்ளைகளோடும் சோற்று மூட்டையோடும் பேருந்து ஏறி வந்து புங்கனூர் ஏரிக்கரையில் அமர்ந்துவிட்டுப் போகிறார்கள். கைக்கெட்டும் செலவில் குளிர்ந்த காற்று கிடைக்கும் இடம் இப்பகுதி மக்களுக்கு வேறு அதிகம் இல்லை. ஆகவே இம்மலையில் யார் நுழைய முடிகிறது, யார் நுழைய முடியவில்லை என்பது சுற்றுலாத் துறையின் கணக்கு மட்டுமன்று. ஒரு வட்டாரத்து மக்களின் ஓய்வு பற்றிய கேள்வி.

அப்படி வரும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அவர் இறங்கமாட்டார், அல்லது இறங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லின் மேல் அமர்வார். முழங்கால் தேய்ந்த பாட்டியாக இருக்கலாம். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய சித்தப்பாவாக இருக்கலாம். "நீங்க பைங்கள பார்த்துக்குங்க, நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறோம்" என்று அன்போடுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் சிரித்த முகத்தோடுதான் தலையசைப்பார். கல்லூரிச் சுற்றுலாக்களிலும் நாம் இதைக் கண்டிருக்கிறோம். தமிழ் இலக்கியம் பயில வருவோரில் பார்வையற்ற மாணவர்கள் கணிசமானவர்கள்; அவர்கள் நண்பர்களின் தோளைப் பற்றிக்கொண்டு எப்படியோ எங்கும் வந்துவிடுவார்கள். காலிபர் அணிந்த மாணவிதான் பேருந்தில் தங்கிவிடுவாள். திரும்பி வருகிறவர்கள் அவளுக்குச் சுட்ட சோளக்கதிர் வாங்கி வருவார்கள். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் மலையைப் பேருந்தின் சன்னல் சட்டத்துக்குள் மட்டுமே அவள் பார்த்தாள் என்பது மாறுவதில்லை.

அந்த இருக்கைக்கு ஒரு பொறுப்பின் பெயரைச் சூட்டிவிடுவதில்தான் நமது சமூகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. விலக்கப்பட்டவர் என்று சொல்வதில்லை. காவல் இருப்பவர் என்கிறோம். கோயில் வாசலில் செருப்புகளுக்கும், திருமண வீட்டில் நகைப்பெட்டிக்கும், சுற்றுலாவில் பைகளுக்கும் காவல். நாட்டுக்கே காலணி தைத்துத் தரும் இந்த வட்டாரத்தில், பிறர் கழற்றிவிட்டுப் போன செருப்புகளைக் காத்துக்கொண்டு சிலர் வாழ்நாளைக் கழிக்கிறார்கள்.

"எத்தனை பேருக்காக இதைச் செய்வது?" என்ற கேள்வி உடனே எழும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறை உடையோர் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் பேர். கணக்கில் 100 பேரில் இருவர் போலத் தோன்றும். ஆனால் இந்த எண் முழுவதையும் சொல்வதில்லை. சான்றிதழ் இல்லாத முதியவர்கள், நிறைமாதப் பெண்கள், கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக வருகிற தாய்மார்கள், பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், கூட்ட இரைச்சலைத் தாங்க இயலாத ஆட்டிசக் குழந்தைகள் இவர்கள் எல்லோரும் எந்தப் பட்டியலில் வருவார்கள்? நாமும் என்றேனும் ஒருநாள் அந்தப் பட்டியலில் சேராமல் இருக்கப்போவதில்லை. முதுமைக்கு விலக்குப் பெற்றவர் யாருமில்லை.

"வருகிறவர்கள் குறைவு" என்ற வாதத்தில் ஒரு சுழற்சி இருப்பதையும் கவனிக்க வேண்டும். வர வழியில்லை, அதனால் வருவதில்லை. வருவதில்லை, அதனால் வழி தேவையில்லை என்கிறோம். ஆற்றை நீந்திக் கடப்பவர்களை எண்ணிப் பார்த்து, பாலம் வேண்டுமா என்று யாரும் முடிவு செய்வதில்லை.

இயலாமை என்பது உடலில் மட்டும் இருப்பதன்று, இடத்திலும் இருக்கிறது என்பதை அறிய நாம் வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வாணியம்பாடிக்கு அருகிலுள்ள நெக்னாமலையை நினைத்தால் போதும். சாலை இல்லாத அந்த மலையூரிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்கு நேர்ந்த பெண்களையும் டோலி கட்டித் தூக்கி இறக்கிய செய்திகளை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அவ்வூரில் நல்ல கால்களோடு பிறந்தவரும் காய்ச்சல் வந்த அன்று நடக்க இயலாதவரே. சாலை இல்லாதபோது ஒரு முழு ஊருக்கு நேர்ந்தது எதுவோ, அதுவே படிகளின் முன் ஒரு சக்கர நாற்காலிக்காரருக்கு நேர்கிறது. முன்னதை அரசின் குறை என்கிறோம். பின்னதை மட்டும் அவருடைய குறை என்கிறோம்.

சாலை என்றதும் மீண்டும் அந்த 14 வளைவுகளுக்கே வர வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவு என்பதுதான் என்ன? ஒரு சாய்தளம். எந்த மோட்டார் வண்டியாலும் மலையின் செங்குத்தில் நேராக ஏற முடியாது. அது எந்திரத்தின் இயலாமை. அந்த இயலாமைக்காக நாம் மலையைக் குறை சொல்லவில்லை; வண்டியையும் குறை சொல்லவில்லை. பாறையை உடைத்து, தடுப்புச்சுவர் எழுப்பி, பாதையை 14 முறை மடித்து மடித்துச் சரிவைக் குறைத்துக் கொடுத்தோம். ஆண்டுதோறும் செப்பனிட்டும் வருகிறோம். அச்சாலையை யாரும் மோட்டார் வண்டிகளுக்கான சலுகை என்று சொன்னதில்லை. மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை எந்திரத்துக்குச் சாய்தளம் அமைத்த நாம், வண்டியை விட்டு இறங்கியபின் வரும் மூன்று படிகளுக்கு ஒருவர் சாய்தளம் கேட்டால் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

அந்த மூன்று படிகளின் கணக்கையும் பார்த்துவிடலாம். படி ஒன்று 15 சென்டிமீட்டர் எனில் மூன்று படி 45 சென்டிமீட்டர். ஓர் அலகு உயரத்துக்கு 12 அலகு நீளம் என்பது சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகளும் ஏற்றுக்கொண்ட அளவு. அதன்படி 5.4 மீட்டர் நீளம் போதும். இரு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் நாற்காலி திரும்புவதற்குச் சமதளம். இவ்வளவே. அளவைக் குறைத்து 3 மீட்டரில் முடித்தால் அதற்குப் பெயர் சாய்தளம் அன்று, சறுக்குமரம்.

இந்த அறிவு நம் வட்டாரத்துக்குப் புதியதும் அன்று. உடற்குறை உடையோரின் மறுவாழ்வு குறித்து இந்தியாவுக்கே பாடம் சொன்ன மண் வேலூர். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்ய முடியும் என்று காட்டினார். தொழுநோயாளியின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி அற்றுப்போவதால் காயம் படுவதை அவர்கள் அறிவதில்லை, அதனாலேயே புண்ணாகிச் சிதைகின்றன என்பதையும் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினர். விளக்கியதோடு நில்லாமல், அப்பாதங்களுக்கு ஏற்ற மென்மையான நுண்துளை இரப்பர்ச் செருப்புகளைப் பல முறை செய்து பார்த்து உருவாக்கினர். நோயாளியை "பார்த்து நட" என்று கடிந்துகொள்வது எளிது. நடப்பவனுக்கு ஏற்பச் செருப்பை மாற்றுவது கடினம். அவர்கள் கடினமானதைத் தேர்ந்தார்கள்.

அங்கேயே பணியாற்றியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவப் பணி அத்துடன் முடிந்தது என்றே எவரும் நினைப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமை ஏற்று நடத்தினார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரால் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை செய்ய முடிந்தது என்றால், அவருடைய மன உறுதி மட்டும் அதற்குக் காரணமன்று. மேசையின் உயரம், அறையின் அமைப்பு, உடனிருந்தோரின் ஏற்பு ஆகியவையும் காரணம். மன உறுதியை மட்டும் பாராட்டிவிட்டு மேசையை மறந்துவிடுவது நமது வழக்கம்.

பாகாயத்திலிருந்து ஏலகிரிக்கு அதிகத் தொலைவில்லை. அங்கே நடக்கவும் நாற்காலி உருட்டவும் பழகி வெளியே வரும் ஒருவர் பிறகு எங்கே போவார்? மருத்துவமனை ஒருவரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். வாசலுக்கு வெளியே உள்ள உலகத்தை ஊர்தான் சேர்க்க வேண்டும்.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. ஐ.நா. சபை 2006இல் ஏற்று, இந்தியா 2007இல் உறுதியளித்த உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகவே கூறுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைகளின் வகைகளை 7இலிருந்து 21ஆக விரித்தது. அதன் 29ஆம் பிரிவு திறந்தவெளி முகாம்களையும் சாகச விளையாட்டுகளையும் கூட விட்டுவைக்கவில்லை. அவற்றில் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. பாராகிளைடிங்குக்கும் மலையேற்றத்துக்கும் பெயர்பெற்ற ஏலகிரிக்கு இப்பிரிவு நேராகவே பொருந்தும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அணுகுதன்மைத் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி, சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 'முடிந்தால் செய்யலாம்' என்பதற்கும் 'செய்தே ஆகவேண்டும்' என்பதற்கும் உள்ள தொலைவுதான் கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவு. பாரியே ஆயினும் அவன் கொடுத்தது கொடை. அவன் அவ்வழியே வராதிருந்தால் முல்லையின் கதி என்ன என்று யாரும் கேட்டதில்லை. வள்ளல் வரும் வழியில் வளரும் பேறு எல்லாக் கொடிகளுக்கும் வாய்க்காது. அதனால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை மெரினாவில் கடலைத் தொட வேண்டும் என்பது சக்கர நாற்காலியில் வாழ்வோரின் நெடுநாள் கோரிக்கை. கரையிலிருந்து அலை வரை நீளும் அந்த மணல்வெளியில் நாற்காலியின் சக்கரம் புதைந்துவிடும். டிசம்பர் 3ஆம் நாளை ஒட்டிச் சில ஆண்டுகள் தற்காலிகப் பாதை போடப்பட்டது. விழா முடிந்ததும் பாதையும் முடிந்துவிடும். இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பிறகு 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய மரப்பலகைப் பாதை நிரந்தரமாகத் திறக்கப்பட்டது. செலவு 1.14 கோடி ரூபாய். நகரத்தில் பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அன்று முதன்முறையாக நனைத்தார்கள். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தது. "கடலோரத்தில் மரப்பலகை போட்டால் இப்படித்தான்" என்று எள்ளியவர்கள் உண்டு. ஆனால் பாதை செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. புயலில் உடைந்த சாலையைச் செப்பனிடுகிறோம், இனிச் சாலையே வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லை. அந்த நியாயம் இங்கும் செல்லுபடியாக வேண்டும். கட்டுவது ஒருநாள் விழா. பராமரிப்பதோ நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. மெரினாவிலிருந்து ஏலகிரி கற்க வேண்டிய முதற்பாடம் இது.

இரண்டாம் பாடத்தைப் பெங்களூரிலிருந்து பெறலாம். 2006இல் கிலிகிலி என்ற அமைப்பு மாநகராட்சியின் துணையோடு அங்குள்ள கோல்ஸ் பூங்காவில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடம் ஒன்றை அமைத்தது. சேர்ந்து என்பதே இங்கு முக்கியமான சொல். இயலாத குழந்தைகளுக்கெனச் சுவர் எழுப்பித் தனிப் பூங்கா கட்டவில்லை. இருக்கும் பூங்காவையே எல்லோருக்கும் உரியதாக்கினார்கள். தனிப் பந்தி நமக்குப் புதிதன்று. தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் வைத்துப் பழகிய சமூகம் நாம். 'சிறப்பு' என்ற அடைமொழியின் பின்னால் பழைய ஒதுக்கல் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் கடமை. ஏலகிரியில் தனியாக ஒரு மாற்றுத்திறனாளிகள் பூங்கா வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இருக்கிற ஏரியும் இருக்கிற பூங்காவும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறோம்.

இயற்கை ஆர்வலர்கள் தரப்பிலிருந்து ஒரு நேர்மையான ஐயம் எழக்கூடும். மலையெங்கும் சிமெண்டைக் கொட்டி நிரப்பிவிட்டால் மலை ஏது? இந்த அச்சத்தை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் அணுகுதன்மை என்பது சிமெண்ட் அன்று. நன்கு இறுக்கிச் சமன்செய்த செம்மண் பாதையில் சக்கரம் உருளும். ஈரமான இடங்களில் தரையைத் தொடாமல் நிற்கும் மரப்பலகைப் பாதை, தாவரங்களை மிதிபடாமலும் காக்கும். சுவாமிமலை உச்சிவரை சாய்தளம் போடுங்கள் என்று எந்தச் சக்கர நாற்காலிக்காரரும் கேட்கவில்லை. உச்சி ஏறுவோர் ஏறட்டும். ஆனால் உச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார ஓர் இடம், ஏரியைச் சுற்றிவர ஒரு பாதை, பயன்படுத்தக்கூடிய ஒரு கழிப்பறை. இவை மலையைக் கெடுக்கும் என்று சொல்வோர், வாகன நிறுத்தங்களும் தங்கும் விடுதிகளும் மலையை எவ்வளவு கெடுத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆகவே என்ன செய்யலாம்? முதலில் புங்கனூர் ஏரியையும் அதைச் சார்ந்த பூங்காக்களையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கி அணுகுதன்மைத் தணிக்கை செய்ய வேண்டும். அலுவலர்கள் மட்டும் காகிதத்தில் செய்யும் தணிக்கை பயன் தராது. சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், வெள்ளைக்கோல் பிடித்தவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், ஆட்டிசக் குழந்தையின் தாய் ஒருவர், எழுபதைக் கடந்தவர் ஒருவர் என ஐவர் சேர்ந்து ஒரு முற்பகல் நடந்து பார்த்தால், எந்தப் பொறியாளரும் காணாதவற்றைக் காண்பார்கள். நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் சன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது? படகுத்துறைக்கும் படகுக்கும் இடையே உள்ள இறக்கத்தை யார் துணையின்றிக் கடக்க முடியும்? எச்சரிக்கை ஒலிபெருக்கியில் மட்டும் வருகிறதா, எழுத்திலும் படத்திலும் இருக்கிறதா? கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? கோடை விழாக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து ஒரு குழந்தை ஒதுங்கி அமர அமைதியான மூலை ஒன்று உண்டா?

அடுத்து, அதிகம் செலவில்லாதவை. முதுகு சாயவும் கை ஊன்றி எழவும் வசதியுள்ள இருக்கைகள் சிறு சிறு தொலைவுக்கு ஒன்றாக இருந்தால், நடக்கவே இயலாது என்று வண்டியில் தங்கிவிடும் முதியவர் பாதி ஏரியையாவது சுற்றிவிடுவார். இதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. பழைய பெருவழிகளின் ஓரத்தில் நின்ற சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கையை எதிர்பாராமல் தாமே இறக்கிவைத்து, இளைப்பாறி, தாமே ஏற்றிக்கொண்டு செல்லும் உயரத்தில் அக்கல்லை நட்டார்கள். வயிற்றுச் சுமையோடு மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை எழுப்புவது வழக்கம். வழிப்போக்கரின் தோள் உயரத்தை அளந்து கல் நட்ட அந்தப் பெயரறியாத கொத்தர், இன்று 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்று பேசப்படுவதை ஒரு சொல்லும் பேசாமல் செய்து முடித்தவர். அச்சொல்லாட்சியை உலகுக்குத் தந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ். இளம்பிள்ளை வாதத்தால் தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. தேவை இருவருக்கும் ஒன்றையே கற்பித்திருக்கிறது.

பார்வையற்றோருக்கு மலை என்பது காட்சியன்று. மணம், ஒலி, காற்று. தொட்டும் முகர்ந்தும் அறியத்தக்க செடிகளை இடுப்பளவு உயர்ந்த பாத்திகளில் வைத்தால், குனிய இயலாத முதியவர்க்கும் நாற்காலியில் வருபவர்க்கும் அதுவே வசதியாகும். செடிகளின் பெயர்களைப் பிரெயிலில் எழுதி, கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இம்மூலிகைகள் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஏலகிரி அவர்களுடைய ஊர், நாம் விருந்தினர். 14 சிற்றூர்களிலும் அவர்களிடையே முதியவர்களும் உடற்குறை உடையோரும் இருக்கிறார்கள். ஏரிக்கரையில் விருந்தினர்க்குப் பாதை போட்டுவிட்டு, ஊர்க்காரரின் வீட்டிலிருந்து அந்த ஏரிக்கரைக்கு வரப் பாதை இல்லாமல் விட்டால் அத்திட்டம் பொய். திட்டக்குழுவில் அவர்களுக்கு இடம் வேண்டும். பராமரிப்பு வேலையிலும் முன்னுரிமை வேண்டும்.

மலை மேல் எல்லாம் சரியாக இருந்தும் மலைக்கு வரும் பேருந்தில் ஏற முடியாவிட்டால் எதற்கும் பொருள் இல்லை. சொந்த வண்டி உடையவருக்கு மட்டும் பயன்படும் அணுகுதன்மை, ஷூ கம்பெனித் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டாது. வாரத்தில் ஞாயிறு ஒருநாளாவது திருப்பத்தூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க பேருந்து ஒன்று மலைக்கு வரட்டும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டம் இளைய மாவட்டம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: இடித்துத் திருத்த வேண்டியதில்லை, முதலிலேயே சரியாகக் கட்டிவிடலாம்.

தமிழாசிரியர்கள் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம் மொழி இதைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்திருக்கிறது. பிறவியிலேயே நேரும் எட்டு வகைக் குறைகளைப் புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பட்டியலிடுகிறார். அப்பிறப்புகளால் பயனில்லை என்ற பழைய கருத்தையும் சொல்கிறார். அக்கருத்து இன்று நமக்கு உடன்பாடன்று. பின்னர் வந்த வள்ளுவர் ஆள்வினையுடைமையில் வேறொரு குரலில் பேசுகிறார். பொறி இல்லாமை யாருக்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்பது அவர் கருத்து. 'பொறி' என்பதற்கு விதி எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். உறுப்பு என்று கொள்வோரும் உண்டு. எந்தப் பொருளைக் கொண்டாலும் பழி வந்து விழும் இடம் மாறுவதில்லை. அறிந்தும் முயலாதவர் தலையில்தான் அது விழுகிறது.

சொற்களை மாற்றுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். குருடர், செவிடர், நொண்டி என்ற சொற்களை நாகரிகமற்றவை என ஒதுக்கினோம், ஊனமுற்றோர் என்றோம், அதையும் விடுத்து மாற்றுத்திறனாளி என்ற நல்ல சொல்லுக்கு வந்தோம். இம்மாற்றம் சிறியதன்று. இழிசொல் ஒழிந்தது ஒரு விடுதலையே. ஆனால் சொல்லைத் திருத்திய வேகத்தில் படியைத் திருத்தவில்லை. பேருந்தில் அமர்ந்து பைகளைக் காத்துக்கொண்டிருப்பவரை நேற்று ஒரு பெயரால் அழைத்தோம். இன்று மரியாதையான வேறொரு பெயரால் அழைக்கிறோம். அவர் இன்னும் பேருந்திலேயே இருக்கிறார்.

ஏலகிரிக்கு ஆண்டுதோறும் கோடை விழா எடுக்கும் அரசும், சுற்றுலாவால் வாழும் விடுதிக்காரர்களும், இப்பகுதியின் தோல், காலணி நிறுவனங்களும் சேர்ந்தால் இது ஓர் ஆண்டில் முடியக்கூடிய வேலை. அவர்கள் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மாணவர்களையோ குடும்பத்தையோ மலைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொருவரும், புறப்படுவதற்கு முன்பே, வண்டியில் தங்கிவிட நேரக்கூடியவர் யார் என்று கேட்டு, அவரால் வர இயலும் இடங்களைக் கொண்டே பயணத்தைத் திட்டமிடலாம். அவரால் நுழைய முடியாத இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கும்போது, ஏன் முடியவில்லை என்பதைச் சீட்டுக் கொடுப்பவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வரலாம். ஒரு மனு கோப்பில் தூங்கும். ஞாயிறுதோறும் பத்து மனுக்கள் வந்தால் யாரேனும் ஒருவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அந்தப் படிகளுக்கு அருகே வந்துதான் ஆக வேண்டும்.